பூஜ்யம் போடலாமா, கூடாதா?

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ், அடியக்கமங்கலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாவட்ட எல்லையைக் கடக்கிறது. அடுத்து வரும் கீழ்வேளூர் நாகை மாவட்டத்து ஊர், தாலுகா தலைமையிடமும்கூட. அங்கே இறங்கிக் கேடிலியப்பர் கோயில் அலுவலகத்தின் லேண்ட்லைன் எண்ணைப் பார்த்தால், முன்னால் நிற்பது 04366. அது திருவாரூரின் எஸ்டிடி கோடு. பஸ் மேலும் சில கிலோமீட்டர் ஓடிச் சிக்கலை அடைந்த பிறகுதான், சிங்காரவேலவர் கோயிலின் எண்ணில், நாகப்பட்டினத்தின் 04365 தலைகாட்டுகிறது. கலெக்டர் ஆபீஸ் கிழித்த கோடு ஓரிடத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கிழித்த கோடு வேறிடத்தில். லோக்கல் கால் எங்கே முடிகிறது, எஸ்டிடி எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு காலத்தில் தீர்மானித்தது இந்த இரண்டாவது கோடுதான்.

பத்து இலக்கத்துக்குள் இத்தனை நிர்வாகம் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் எண்களை எப்படி அடுக்குவது, எதை முதலில் வைப்பது, பூஜ்யத்துக்கு என்ன வேலை கொடுப்பது என்று தனித்தனியாக முடிவு செய்திருக்கிறது. வீட்டில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் துபாயில், இன்னொருவர் பினாங்கில் என்று வாழும் காவிரி டெல்டா குடும்பங்களுக்கு அந்த முடிவுகள் அன்றாடப் பிரச்சினை. போன் போகாமல் நிற்பது, ஓடிபி வராமல் போவது, மோசடி அழைப்பு வீட்டுக்குள் நுழைவது என எல்லாவற்றின் பின்னாலும் அவை இருக்கின்றன.

பழைய தஞ்சை ஜில்லாவின் 436

டெல்டாவின் எஸ்டிடி கோடுகளை வரிசையாக எழுதினால் ஒரு வரைபடம் கிடைக்கும். தஞ்சாவூர் 04362, மயிலாடுதுறை 04364, நாகப்பட்டினம் 04365, திருவாரூர் 04366, மன்னார்குடி 04367, காரைக்கால் 04368, திருத்துறைப்பூண்டி 04369. பூஜ்யத்தை எடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் முதல் மூன்று இலக்கம் 436. தஞ்சை ஜில்லாவிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமானது. 2020-இல் மயிலாடுதுறை பிரிந்தது. எண்களில் மட்டும் ஒன்றுபட்ட தஞ்சை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. புதுச்சேரியின் கோடு 0413. ஆனாலும் காரைக்காலுக்குக் கிடைத்தது தஞ்சை வரிசையில் ஒரு எண். சுற்றிலும் தஞ்சை ஜில்லா சூழ்ந்திருந்த ஊருக்கு அதுதான் பொருத்தம்.

இந்தியாவில் கோடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து எப்போதும் பத்து இலக்கம். சென்னைக்கு 44 என்ற இரண்டு இலக்கக் கோடு, அதன்பின் எட்டு இலக்க எண். கும்பகோணத்துக்கு 435, பின்னால் ஏழு இலக்கம். கீழ்வேளூருக்கு 4366, பின்னால் ஆறு. போன்கள் அதிகம் இருக்கும் ஊருக்கு உள்ளூர் எண் நீளமாக வேண்டும். ஆகவே கோடு குட்டையாகும். மேட்டூர்த் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, கிளையாறு, வாய்க்கால், மடை என்று வயலை அடைவதைப் போல, அழைப்பும் நாடு, வட்டம், ஊர், எக்ஸ்சேஞ்ச் என்று படிப்படியாகப் பிரிந்து கடைசியில் ஒரு வீட்டை அடைகிறது.

இந்த அமைப்புக்குக் கட்டுக்கோப்பான வடிவம் கொடுத்தது 2003-ஆம் ஆண்டின் தேசிய எண் திட்டம். தனியார் நிறுவனங்களும் லேண்ட்லைன் கொடுக்கத் தொடங்கிய காலம் அது. பி.எஸ்.என்.எல். எண்களின் முன்னால் 2 சேர்ந்தது அப்போதுதான். 2030 வரைக்கும் 75 கோடி இணைப்புகள் போதும் என்று கணக்கிட்டுத் திட்டம் தீட்டினார்கள். செல்போன் வந்து அந்தக் கணக்கை விழுங்கிவிட்டது. 2010 முடிவதற்குள் நாடு 75 கோடியைத் தாண்டிவிட்டது. இன்று செல்போன் இணைப்புகள் மட்டுமே 110 கோடிக்கு மேல்.

ஒன்பது மண்டலம்

நாடுகளுக்கான குறியீடுகளை வகுத்தது, ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், அதாவது ஐ.டி.யூ. அதன் குழு 1964-இல் உலகத்தை ஒன்பது மண்டலமாகப் பிரித்தது. 1 வட அமெரிக்கா, 2 ஆப்பிரிக்கா, 3-உம் 4-உம் ஐரோப்பா, 5 தென்னமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும், 6 தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியப் பக்கமும், 7 சோவியத் ஒன்றியம், 8 கிழக்கு ஆசியா, 9 மேற்காசியாவும் தெற்காசியாவும். இந்தியாவுக்கு 91, பாகிஸ்தானுக்கு 92, இலங்கைக்கு 94, பர்மாவுக்கு 95. பிற்பாடு பிறந்த வங்கதேசத்துக்கு 8-ஆம் மண்டலத்திலிருந்து 880 என்று மூன்று இலக்கம்.

குறியீட்டின் நீளத்தில் அந்நாளைய உலகின் அதிகாரம் தெரிகிறது. அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் ஒற்றை இலக்கம். பெரிய நாடுகளுக்கு இரண்டு. சிறிய நாடுகளுக்கு மூன்று. உள்நாட்டு எண் எவ்வளவு நீளமாகப் போகும் என்ற கணிப்பும் இதில் உண்டு. காரணம், நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எந்த எண்ணும் 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.டி.யூ.வின் இன்றைய விதி. மற்றபடி உள்ளே எப்படி அடுக்குவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை. குழப்பம் முளைப்பதும் அந்த உரிமையில்தான்.

பெட்டிச் செய்தி: டெல்டா வீடுகளின் குறியீடுகள்
சிங்கப்பூர் 65. மலேசியா 60. புருணை 673. ஐக்கிய அரபு அமீரகம் 971. சவூதி அரேபியா 966. குவைத் 965. கத்தார் 974. ஓமன் 968. பஹ்ரைன் 973. இலங்கை 94. பிரிட்டன் 44. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1. கரீபியத் தீவு நாடுகள் பலவும் இதே 1-க்குள் அடக்கம். வெளிநாட்டுக்கு அழைக்கும் வாசல் எண்ணும் ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவில் 00, அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011, ஜப்பானில் 010. செல்போனில் + குறியை அழுத்தினால் எந்த நாட்டில் இருந்தாலும் போதும்; வாசல் எண்ணை நெட்வொர்க்கே பார்த்துக்கொள்ளும்.

ஒரே பூஜ்யம், பல சட்டம்

பூஜ்யம் என்பது பெரும்பாலான நாடுகளில் எண்ணின் பகுதியே இல்லை. 'இந்த அழைப்பு உள்ளூரை விட்டு வெளியே போகிறது' என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் அடையாளம் அது. இந்தியாவில் 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதல் எஸ்டிடி வந்தபோது ஆபரேட்டரின் இடத்தை இலக்கங்கள் எடுத்துக்கொண்டன. அதற்கு முன்பு ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது 91 போட்டதுமே வெளியூர் அழைப்பு என்பது தெரிந்துவிடுவதால் பூஜ்யத்துக்கு வேலையில்லை. எனவே கீழ்வேளூர் லேண்ட்லைனுக்கு சிங்கப்பூரிலிருந்து +91 4366 என்றுதான் தொடங்க வேண்டும். +91 04366 என்று அடித்தால் பெரும்பாலும் போகாது. விசிட்டிங் கார்டுகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் பிளக்ஸ் போர்டுகளிலும் இந்தத் தவறான வடிவம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஒரே நகரம்தான் நாடு என்பதால் ஊர்க்கோடு வைக்கவில்லை. எண் எட்டு இலக்கம், அவ்வளவுதான். ஏழு இலக்கமாக இருந்த லேண்ட்லைன் எண்களின் முன்னால் 2002-இல் 6 சேர்த்தார்கள். 8, 9 என்று தொடங்கினால் செல்போன். முதல் இலக்கம் இங்கே ஊரைச் சொல்வதில்லை, வகையைச் சொல்கிறது. 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயரெடுத்த கூத்தாநல்லூரில் அந்த எட்டு இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு.

கடலின் குறுக்கே போட்ட ஒரு தரைப்பாலத்தைத் தாண்டினால் மலேசியா. அங்கே எல்லாம் மாறிவிடுகிறது. பினாங்குக்கு 04, கோலாலம்பூருக்கு 03, செல்போனுக்கு 01 என்று தொடங்கும் எண்கள். 012, 016 வகை எண்களுக்குப் பின்னால் ஏழு இலக்கம். 011 என்றால் எட்டு. ஆக நீளமே நிலையானதல்ல. இந்தியாவில் ஒரு இலக்கம் குறைந்தாலோ கூடினாலோ தப்பான நம்பர் என்று பழகியவர்கள், மலேசிய எண்ணை எழுதிக்கொள்ளும்போது ஒன்று விட்டுப்போனதோ என்று சந்தேகப்படுவது இதனால்தான். வெளியிலிருந்து அழைக்கும்போது இங்கும் பூஜ்யம் போய்விடும். +60 12 என்று தொடங்கும். சிங்கப்பூருக்கு மட்டும் மலேசியர்கள் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: வெளிநாட்டு வாசல் எண் இல்லாமல், 02 போட்டு நேராகச் சிங்கப்பூர் எண்ணை அடிக்கலாம். 1965-இல் பிரிந்துபோன நகரம், டயலில் இன்னும் உள்ளூர்தான்.

வளைகுடா நாடுகளுக்குள்ளேயே இரண்டு முறை இருக்கிறது. அமீரகத்திலும் சவூதியிலும் செல்போன் எண் 05 என்று தொடங்கும். வெளியிலிருந்து அழைக்கும்போது பூஜ்யம் விழுந்து +971 5, +966 5 என்றாகும். குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றில் எட்டு இலக்கம் மட்டும். ஊர்க்கோடும் இல்லை, பூஜ்யமும் இல்லை. துபாயில் வேலை பார்த்துவிட்டு மஸ்கட்டுக்கு மாறியவர் புது எண்ணின் முன்னால் பழக்கதோஷத்தில் பூஜ்யம் போட்டுத் தவிப்பது இயல்பு.

பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கும் இலங்கையின் அமைப்பு இந்தியாவுக்கு நெருக்கமானது. யாழ்ப்பாணம் 021, மன்னார் 023, வவுனியா 024, திருகோணமலை 026, மட்டக்களப்பு 065, கொழும்பு 011. ஊர்க்கோட்டின் நீளம் எங்கும் ஒன்றே, செல்போன் 07. நாடு முழுவதற்கும் பூஜ்யத்தோடு பத்து இலக்கம் என்பதால், இந்தியாவின் 44, 435, 4366 என்ற ஏற்றத்தாழ்வு அங்கே இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, இந்த 021 பல டெல்டா வீடுகளின் போனில் புதிதாக ஏறியது.

ஐரோப்பாவில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. இத்தாலியில் 1998 முதல் பூஜ்யம் எண்ணின் உடலோடு சேர்ந்துவிட்டது. ரோமுக்கு வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் +39 06 என்றே அடிக்க வேண்டும். பூஜ்யத்தை எடுத்தால் போன் போகாது. பிரான்ஸ் 1996-இல் பத்து இலக்கத்துக்கு மாறியது; பக்கத்து வீட்டுக்கு அழைத்தாலும் முழு எண்ணும் வேண்டும்.

அமெரிக்காவின் கதை வேறு. 1947-இல் அங்கே ஊர்க்கோடுகளை வகுத்தபோது சுழற்றும் டயல்தான் இருந்தது. குறைவாகச் சுழற்றினால் நேரம் மிச்சம். எனவே அழைப்பு அதிகம் வரும் நியூயார்க்குக்கு 212, லாஸ் ஏஞ்சலஸுக்கு 213, சிகாகோவுக்கு 312 என்று சின்ன இலக்கங்களைக் கொடுத்தார்கள். செல்போனுக்கென்று தனி வரிசை அங்கே ஒதுக்கவில்லை. ஊர்க்கோட்டுக்குள்ளேயே அதுவும் அடக்கம். டல்லாஸில் வாங்கிய 214 எண்ணோடு ஒருவர் நியூஜெர்சிக்குக் குடிபோய் வருடக்கணக்கில் வாழலாம். எண்ணைப் பார்த்து ஆள் இருக்கும் ஊரைச் சொல்ல முடியாது. இந்தியாவில் 2015 ஜூலை முதல் நாடு முழுவதும் நம்பர் மாறாமல் நிறுவனத்தையும் வட்டத்தையும் மாற்றலாம் என்றான பிறகு, இங்கும் அதே நிலைதான்.

பெயர் இருக்கிறது, போன் போகவில்லை

செல்போனில் 'அப்பா' என்று பத்து இலக்கத்தில் சேமித்துக்கொண்டு விமானம் ஏறுகிறார் ஓர் இளைஞர். சாங்கி விமான நிலையத்தில் புது சிம் போட்டதும் அதே பெயரைத் தொட்டு அழைக்கிறார். நெட்வொர்க் அதைச் சிங்கப்பூர் எண்ணாகவே படிக்கிறது, அழைப்பு போகாது. வாட்ஸ்அப்பையும் புது எண்ணுக்கு மாற்றினால் அதன் பட்டியலிலும் பாதிப் பெயர்கள் காணாமல் போகின்றன, காரணம் அதுவும் உள்ளூர் எண் என்று எடுத்துக்கொள்வதே. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லா எண்களையும் +91 சேர்த்துச் சேமித்தால் இது நேராது. முதல்முறை வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு ஏஜென்ட்டுகள் சொல்லும் அறிவுரைப் பட்டியலில் இது முதலிடத்தில் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பணத்தில் வருகிறது. கீழ்வேளூரில் இருக்கும் வங்கிக் கணக்கு இந்திய செல் நம்பரோடு இணைந்திருக்கிறது. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளிநாட்டில் இருப்பவர் இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், 90 நாள் பயன்படுத்தாத பிரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். துண்டித்த பின் குறைந்தது 90 நாள் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகிறது. இப்போது ஓடிபி போய்ச் சேர்வது முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்கு. பி.எம்.கிசான், ஆதார் தொடர்பான சேவைகள் என்று விவசாயக் குடும்பத்தின் பல கதவுகளுக்கும் அந்த எண்ணே சாவி என்பதால், இது வெறும் சிம் விவகாரம் அல்ல. குடும்பத்தில் யாராவது ஒருவர் அந்த சிம்மை உயிரோடு வைத்திருப்பது அவசியம்.

நாட்டுக் குறியீட்டின் சுவரில் ஒரு வாசல் 2023 ஜனவரியில் திறந்தது. சிங்கப்பூர், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், சவூதி, அமீரகம், பிரிட்டன் ஆகிய பத்து நாடுகளின் எண்களைக் கொண்டே, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு வைத்திருப்பவர்கள் யுபிஐ பயன்படுத்தலாம் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அனுமதித்தது. அந்த முதல் பட்டியலில் மலேசியா இல்லை, குவைத்தும் இல்லை. தஞ்சைப் பகுதியின் கடல் கடந்த உறவுகளில் இந்த இரண்டு நாடுகளின் பங்கு சிறியதல்ல.

தெரிந்த குறியீடு, தெரியாத ஆள்

2023 மே மாதத்தில் இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் மர்ம அழைப்புகள் குவிந்தன. வியட்நாமின் 84, இந்தோனேசியாவின் 62, எத்தியோப்பியாவின் 251, கென்யாவின் 254 என்று தொடங்கிய எண்களோடு மலேசியாவின் 60-உம் இருந்தது. 251-ஐக் கண்டால் டெல்டாவில் யாரும் எடுக்கமாட்டார்கள். 60 அப்படியல்ல. சொந்தக்காரர் யாரோ புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறார் என்று எடுத்துவிடுவார்கள். குறியீடு என்பது எண் எந்த நாட்டின் கணக்கில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பேசுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சியம் ஆகாது.

91-உம் பாதுகாப்பானதல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண்ணிலிருந்து வருவதுபோல் காட்டும் மோசடி பெருகியதால், அவற்றை வழியிலேயே மறிக்கும் மத்திய அமைப்பு ஒன்றைத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகள் போலி என்று பிடிபட்டதாக அரசு அறிவித்தது. போலீஸ் என்றும் சுங்கத்துறை என்றும் சொல்லி 'டிஜிட்டல் அரெஸ்ட்' மிரட்டல் விடுக்கும் கும்பல்களின் முக்கியக் கருவி இப்படிப்பட்ட போலி எண்கள்தான். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. விளம்பர அழைப்புகளுக்கு 140, வங்கிகள் போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று வரிசை பிரித்திருப்பதும் இதன் தொடர்ச்சி. முதல் சில இலக்கங்களிலேயே அழைப்பவரின் வகை தெரிய வேண்டும் என்பது நோக்கம்.

108-க்கு வெளிநாட்டிலிருந்து வழியில்லை

அவசர எண்கள் உள்நாட்டுச் சரக்கு. தமிழ்நாட்டில் 2008 முதல் ஆம்புலன்ஸுக்கு 108. சிங்கப்பூரில் அது 995, போலீசுக்கு 999. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999. இலங்கையில் ஆம்புலன்ஸுக்கு 1990. அமெரிக்காவில் 911. கீழ்வேளூரில் தனியாக இருக்கும் தாயாருக்கு நெஞ்சுவலி என்று செய்தி வந்தால், சிங்கப்பூரிலிருக்கும் மகன் அங்கிருந்து 108 அடித்துப் பயனில்லை. 1800 என்று தொடங்கும் இலவச எண்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. 2004 முதல் இயங்கும் கிசான் கால் சென்டரும் 1800-இல்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் உதவக்கூடியது பழைய லேண்ட்லைன்தான். போலீஸ் ஸ்டேஷன், அரசு மருத்துவமனை, தாலுகா ஆபீஸ் ஆகியவற்றின் ஆறு இலக்க எண்ணோடு +91 4366 சேர்த்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் போகும். கைபேசி எண் அதிகாரி மாறினால் மாறலாம். மேசைமேல் இருக்கும் லேண்ட்லைன் அலுவலகத்தோடு நிற்கும். ஆனால் சுவரில் எழுதும்போது கோடு இல்லாமல் ஆறு இலக்கத்தை மட்டும் எழுதுவது பழைய வழக்கம். உள்ளூர்க்காரருக்கு அது போதும். ஊரை விட்டுப் போனவருக்குப் பயன்படாது. முழு எண்ணையும் எழுதுவதற்குக் கொஞ்சம் பெயின்டுக்கு மேல் செலவில்லை.

புயல் காலத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. வெளிநாட்டிலிருந்தவர்கள் நாள்கணக்கில் வீட்டோடு பேச முடியவில்லை. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் இருக்கிறது. அதை அடிக்கும் ஆள் எந்த மாவட்டத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அழைப்பு போகும். வெளியூரிலிருந்து அழைக்க முன்னால் மாவட்டத் தலைநகரின் எஸ்டிடி கோடு வேண்டும். கீழ்வேளூர் விஷயத்தில் நாகையின் 04365-ஐப் போட வேண்டும். ஊரின் லேண்ட்லைனில் பழகிய 04366 திருவாரூர் பக்கத்தின் கோடு.

பெட்டிச் செய்தி: செல்போனுக்கு முன்னால் ஏன் 0?
2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனை அழைத்தாலும் முன்னால் 0 வேண்டும். முன்பு வெளிமாநில எண்ணுக்கு மட்டும்தான் அந்த விதி. பூஜ்யம் வந்ததும் அழைப்பு உள்ளூர் லேண்ட்லைனுக்கு அல்ல என்பது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடும். எனவே லேண்ட்லைனோடு மோதும் என்று ஒதுக்கிவைத்திருந்த முதல் இலக்கங்களையும் செல்போனுக்குக் கொடுக்கலாம். இந்த ஒரு பூஜ்யத்தால் 254.4 கோடி புது எண்கள் கிடைக்கும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்கிட்டது.

கோடுகள் கரையும் காலம்

லேண்ட்லைன் எண்களில் பெரும்பகுதி இன்று சும்மா கிடக்கிறது. இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட சிறு வட்டங்களாக நாட்டைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடும் லட்சக்கணக்கான எண்களும் ஒதுக்கியாகிவிட்டது. ஒரு வட்டத்தில் மிஞ்சியதை இன்னொரு வட்டத்துக்குக் கொடுக்க முடியாது. திருவாரூர் வட்டத்தில் காலியாக இருக்கும் எண்ணைச் சென்னையில் யாருக்கும் தர வழியில்லை. 2025 பிப்ரவரி 6 அன்று டிராய் அளித்த பரிந்துரை இந்தப் பூட்டைத் திறப்பதற்கானது. சிறு வட்டங்களை விட்டுவிட்டு, மாநில அளவிலான உரிமப் பகுதியை அடிப்படையாகக் கொண்டு பத்து இலக்க எண் வழங்கலாம். லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்கு எங்கே அழைத்தாலும் 0, கோடு, எண் என்று முழுமையாக அடிக்கலாம் என்பது அதன் சாரம். இருக்கும் சந்தாதாரர்களின் எண் மாறாது. அடிக்கும் முறை மட்டும் மாறும். நடைமுறைக்கு வந்தால், எதிர்வீட்டு லேண்ட்லைனுக்கும் 0, 4366, அதன்பின் ஆறு இலக்கம் என்று மொத்தம் பதினொரு முறை அழுத்த வேண்டும். பிரான்ஸ் 1996-இல் செய்ததற்கு நெருக்கமான ஏற்பாடு இது. முதியவர்களுக்குச் சில மாதம் சிரமம்தான். ஆனாலும் எண்கள் வீணாகாமல் இருக்க இதைவிட நேரான வழி தென்படவில்லை.

மனிதர்களின் எண்களைக் காப்பாற்ற இயந்திரங்களைத் தனி வரிசைக்கு அனுப்புவது இன்னொரு ஏற்பாடு. வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்தும் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறது, வாகனத்தின் ஜி.பி.எஸ்.ஸிலும் ஸ்மார்ட் மீட்டரிலும் உண்டு. இப்படி இயந்திரத்தோடு இயந்திரம் பேசும் இணைப்புகளுக்கு 2018 ஜூலை முதல் 13 இலக்க எண் வந்தது. பழைய பத்து இலக்கத்தில் இருப்பவற்றையும் அங்கே மாற்ற வேண்டும் என்பது டிராயின் 2025 பரிந்துரைகளில் ஒன்று. 13 இலக்கத்தோடு நாட்டுக் குறியீடு 91-ஐச் சேர்த்தால் 15. அதற்கு மேல் ஓர் இலக்கம்கூட நீட்ட ஐ.டி.யூ.வின் விதியில் இடமில்லை.